தம்பி என்ற சொல் நின்றுபோன அத்தியாயம்

நான்கு மாதமாக எழுதிவரும் குறுநாவல் நேற்று பன்னிரண்டாவது அத்தியாயத்தைத் தாண்டியது. தஞ்சாவூரில் வீணை சொல்லிக்கொடுக்கும் வசுமதிக்கு வயது 43. அவள் வீணைக்கு மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதிக்குச் சரியாகப் பதிக்க வரும் கதிருக்கு 34. இலகுவான காதல் கதைதான்.

மெட்டு என்பது வீணையில் தந்தியை அழுத்தும் இடத்தில் குறுக்கே நிற்கும் உலோகத் துண்டு. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் நிற்பவை. நாளடைவில் மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் சுருதி பிசகும். பழைய மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டி, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்த வேண்டும். இரண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே ஸ்வரத்துக்காகக் காத்திருக்க இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் வரைவில் அவள் வயதைப் பக்கத்துக்குப் பக்கம் சொல்லிவிட்டேன். நரை, மூக்குக்கண்ணாடி, முழங்கால் வலி. அதைப் படித்துப் பார்த்த என் அக்கா, "நாப்பத்து மூணுதானே, அவளை ஏன் கிழவி ஆக்குற?" என்று கேட்டாள். அத்தனையையும் அடித்தேன்.

அப்புறம்தான் வழி தெரிந்தது. வயது வித்தியாசம் நம் பேச்சில், கூப்பிடும் சொல்லிலேயே இருக்கிறது. அவன் அவளை "டீச்சர்" என்கிறான். அவள், "தம்பி, காபி சாப்பிடுறீங்களா?" என்கிறாள். மனம் மாறிய பிறகு அந்தத் தம்பி அவள் வாயில் வராது. பதிலுக்கு எதைச் சொல்வாள்? பெயர் சொல்வது பெரிய தாண்டல். அதனால் இரண்டு அத்தியாயங்களுக்கு அவள் அவனைக் கூப்பிடுவதே இல்லை. "காபி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்கிறாள். ஏழாவது மெட்டை நிறுத்தும்போது அவன் அதைக் கவனிக்கிறான். இதுவரை எழுதியதில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் அது. அவன் வாயில் "வசு" என்று வைத்தும் எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. கடைசிவரை டீச்சர்தான், அந்தச் சொல்லே போகப்போகக் கனிகிறது.

இடையில் தொல்காப்பியத்தில் காதலைப் பற்றிய அகத்திணையியலையும் புரட்டினேன். 'இளமை தீர் திறம்', அதாவது இளமை கடந்த காதல், பெருந்திணையில் வருகிறது, அதாவது பொருந்தாக் காமம். உரையாசிரியர் இளம்பூரணர் இளமை தீர் திறத்தை மூன்றாகப் பிரிக்கிறார்: தலைவன் மூத்தவன், தலைவி மூத்தவள், இருவருமே இளமை கடந்தவர்கள். அன்றைக்கே இப்படியொரு காதலைக் கண்டு எழுதிவைத்தார்களே என்று சந்தோஷமாக இருந்தது. ஆனால் பொருந்தாதது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த இருவரும் எவ்வளவு பொருந்துகிறார்கள் என்று காட்டத்தான் மீதி அத்தியாயங்கள்.

இப்போது நிற்பது கதிரின் அம்மா வரும் காட்சியில். அவருக்கு 56, மகனைவிட வசுமதிதான் அவர் வயதுக்குக் கிட்டே. தன் வீட்டு வாசலில் நிற்கும் வசுமதியை "வாம்மா" என்பாரா, "வாங்க" என்பாரா? மூன்று முறை மாற்றி எழுதினேன். நேற்று ராத்திரி "வாங்க" என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன்.