கொலுவுக்கு நாற்பது காகிதப் பெட்டி

இந்த வருஷம் கொலு தாம்பூலத்துக்குக் கடையில் பை வாங்குவதில்லை என்று வாய் விட்டுவிட்டேன். அப்புறம் பின்வாங்க முடியுமா? பெங்களூர் அவென்யூ ரோட்டுக்குப் போய் தாள் வாங்கி வந்தாயிற்று.

முதல் பை வீட்டில் கிடந்த 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) ஜெராக்ஸ் தாளில். தேங்காயைப் போட்டேன், அடி பிய்ந்து நேரே மாமியார் காலடியில் விழுந்தது. "தாம்பூலம் குடுக்கறியா, காலை உடைக்கறியா?" என்றார். சரி, தேங்காய் துணிப்பைக்கு, இனிப்பு மட்டும் பெட்டிக்கு.

பெட்டிக்கு ஒட்டும் வேண்டாம், பசையும் வேண்டாம். ஜப்பானியர்கள் 'மாசு' (masu) என்று சொல்லும் சதுரப் பெட்டி மடிப்புதான். ஏ4 தாளை 21 செ.மீ. சதுரமாக வெட்டி மடித்தால் பெட்டி சுமார் 7.4 செ.மீ. அகலம், அதில் பாதி உயரம். அதை மூடியாக வைத்துக்கொண்டு, அடிப்பாகத்துக்கு 20.5 செ.மீ. சதுரம் எடுத்தால் கச்சிதமாக உட்காரும். இரண்டும் ஒரே அளவில் செய்து ஆறு தாளை வீணாக்கிய பிறகே இது புரிந்தது. தடித்த அட்டை இதற்கு ஆகாது, 120 ஜிஎஸ்எம் போதும். மை தீர்ந்த பேனாவால் முதலில் கோடு அழுத்திவிட்டால் மடிப்பு நேராக வரும்.

லட்டு வைத்தால் மூடி மூடவில்லை. மைசூர்பாகுக்கு மாறினேன், பெங்களூரில் அதற்கா பஞ்சம்? நெய் கசியாமல் உள்ளே பட்டர் பேப்பர் வைக்க வேண்டும்.

இதுவரை முப்பத்தொன்று ஆகியிருக்கிறது. மாமியார் இப்போது என்னைவிட வேகமாக மடிக்கிறார்.