டிஜிட்டல் வாக்கி-டாக்கியில் ஐடி, ரேடியோ செக், எமர்ஜென்சி: அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

டிஎம்ஆர் (டிஜிட்டல் மொபைல் ரேடியோ) செட்டுகளைப் புரோகிராம் செய்யும் வேலையில் அடிக்கடி எதிர்ப்படும் கோளாறு ஒன்று உண்டு: இரண்டு செட்டுகளில் ஒரே ஐடி, அதாவது செட்டை அடையாளம் காட்டும் ஒரே எண். ஒரு செட்டைச் சரியாக அமைத்து, அந்த ஃபைலையே மற்ற எல்லாவற்றிலும் ஏற்றிவிடுவதால் வருவது இது. குழு அழைப்பில் குழு எண் பொருந்தினால் போதும் என்பதால் பேச்சு நன்றாகவே போகும். ஒரு செட் இயங்குகிறதா என்று கேட்கும் ரேடியோ செக் கட்டளையை அனுப்பும்போதுதான் சிக்கல் தலைகாட்டும். இரண்டு செட்டும் ஒரே நேரத்தில் பதில் அனுப்ப, சிக்னல்கள் மோதி, பதிலே இல்லை என்று திரையில் வரும். அல்லது அருகில் உள்ள செட் பதில் தந்துவிட, எங்கோ அணைந்து கிடக்கும் செட் வேலை செய்வதாக நம்பிவிடுவோம். இந்த இரண்டாவதுதான் ஆபத்து.

அதனால் புரோகிராமிங் கேபிளை எடுப்பதற்கு முன் ஒரு பட்டியல் போடுங்கள். செட்டின் சீரியல் எண், ஐடி, பெயர் மூன்றும் ஒரே வரியில் இருக்கட்டும். டிஎம்ஆரில் ஐடி 1 முதல் 16776415 வரை இருக்கலாம். ஆனால் அவசரத்தில் கையால் அடிக்க மூன்று நான்கு இலக்கமே நல்லது. காவல் பணிக்கு 101 முதல், பராமரிப்புக்கு 201 முதல் என்று துறைவாரியாகப் பிரித்தால் எண்ணைப் பார்த்ததுமே ஆள் எந்தப் பக்கம் என்று தெரியும். குழு எண்ணும் தனி ஐடியும் ஒன்றாக இருந்தாலும் கருவிக்குக் குழப்பமில்லை. மனிதர்களுக்கு உண்டு, ஆகவே வேறு வேறாக வையுங்கள்.

பேசுபவரின் ஐடி அழைப்பின் தொடக்கத்தில் போவதோடு, பேச்சு நடக்கும்போதும் 360 மில்லி வினாடிச் சுற்றுகளில் குரலோடு பின்னிப் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் செட்டை ஆன் செய்பவருக்கும் யார் பேசுகிறார் என்று தெரிவது அதனால்தான். அனலாக் சேனலில் ஐடி அனுப்பும் முறையான எம்டிசி-1200 வைத்தால் இந்த வசதி கிடையாது. பிடிடியை (பேசும் பொத்தானை) அழுத்தியதும், அல்லது விட்டதும், ஒருமுறைதான் ஐடி போகும். சிக்னலை வாங்கி மீண்டும் அனுப்பும் ரிப்பீட்டர் விழித்துக்கொள்வதற்குள் அது போய்விட்டால் திரை வெறுமையாகவே இருக்கும். ஐடிக்கு முந்தைய தாமதத்தைச் சற்றுக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

திரையில் பெயருக்குப் பதில் எண் மட்டும் வந்தால் அனுப்பிய செட்டில் தேடாதீர்கள். பெயர் பொதுவாகக் கேட்கும் செட்டின் காண்டாக்ட் பட்டியலிலிருந்தே எடுக்கப்படுகிறது. புதியவர் ஒருவர் சேர்ந்தால் எல்லாச் செட்டிலும் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். பேசுபவரின் பெயரையே குரலோடு அனுப்பும் டாக்கர் ஏலியஸ் வசதி இருபுறமும் இருந்தால் இந்த வேலை மிச்சம்.

ரேடியோ செக், ரிமோட் மானிட்டர் (எதிர்ச் செட்டின் மைக்கைத் திறந்து கேட்பது), டிஸேபிள் (செட்டைத் தூரத்திலிருந்து முடக்குவது) ஆகியவற்றுக்கு அனுப்பும் செட்டில் மெனு இருந்தால் மட்டும் போதாது. பெறும் செட்டில் அந்தந்தக் கட்டளையை ஏற்கும் டிகோடு டிக் செய்யப்பட்டிருக்க வேண்டும். டிக் இருந்தும் பதில் இல்லையென்றால் கலர் கோடு (இரு செட்டிலும் பொருந்த வேண்டிய சேனல் குறியீட்டு எண்), ஸ்லாட் (ஒரே அலைவரிசையைப் பகிரும் இரு நேரப் பகுதிகளில் ஒன்று), ஸ்கேன் (பல சேனல்களை மாறி மாறிக் கேட்பது) என்ற வரிசையில் பாருங்கள். ஸ்கேனில் சுற்றிக்கொண்டிருக்கும் செட், நொடியில் கடந்துபோகும் கட்டளையைத் தவறவிடும். அனுப்பும் செட்டில், கட்டளைக்கு முன்னோட்டமாகப் போகும் பிரியாம்பிள் சிக்னலின் நேரத்தைக் கூட்டினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு கட்டளையும் சேனலைக் கூடுதல் நேரம் அடைத்துக்கொள்ளும்.

ரேடியோ செக்குக்குப் பதில் வந்தால் செட் ஆனில், சிக்னல் எல்லைக்குள் இருக்கிறது என்று மட்டுமே பொருள். ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று அறிய, செட்டை ஒலிக்கவைத்து ஆளைத் திரும்ப அழைக்கச் சொல்லும் கால் அலர்ட்தான் வழி. ரிமோட் மானிட்டர் எதிர்ச் செட்டின் மைக்கைச் சத்தமில்லாமல் திறந்துவிடும். செட்டை வைத்திருப்பவர்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல் இதை இயக்குவது தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து.

எமர்ஜென்சிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஆபத்தில் அலாரம் அனுப்பும் எமர்ஜென்சி சிஸ்டத்தை உருவாக்கிவிட்டு, அதை ஒவ்வொரு சேனலோடும் இணைக்க மறந்துவிடுகிறார்கள். அப்போது பொத்தானை அழுத்தினால் பிழை ஒலிதான் கேட்கும். சேனல் குமிழை ஒவ்வொரு இடமாகத் திருப்பி, அங்கங்கே அழுத்திப் பாருங்கள். அலாரத்துக்கு ஒப்புகை அனுப்பும் உரிமை கன்ட்ரோல் ரூமில் ஒரே செட்டுக்கு மட்டும் இருக்கட்டும். எல்லாச் செட்டிலும் டிக் போட்டால் பல ஒப்புகைகள் ஒரே நேரத்தில் மோதி, ஆபத்தில் இருப்பவருக்கு எதுவும் போய்ச் சேராமல், அவர் செட் திரும்பத் திரும்ப அலாரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். இடுப்பில் உரசித் தவறாக அழுந்தினால், நீண்ட அழுத்தத்துக்கு மட்டும் வேலை செய்யும்படி மாற்றுங்கள். அதைக் கையுறை போட்ட கையாலும் ஒருமுறை சோதியுங்கள்.

தொலைந்த செட்டை டிஸேபிள் செய்ய வேண்டுமானால் அது ஆனில் இருக்க வேண்டும், சரியான சேனலில் இருக்க வேண்டும், எல்லைக்குள் இருக்க வேண்டும். அணைத்து எடுத்துச் சென்றவரிடம் கட்டளை எட்டாது. ஓர் இலக்கம் தவறினால் பணியில் இருப்பவரின் செட் ஊமையாகிவிடும் என்பதால் இந்த மெனு மேற்பார்வையாளர் செட்டில் மட்டும் போதும். ஒப்படைக்கும் முன் ஒன்றை முடக்கி, அணைத்து ஆன் செய்து, மீண்டும் எனேபிள் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பழுதுக்குப் போன செட்டுக்குப் பதில் ஸ்பேர் செட் கொடுக்கும்போது அன்றே பட்டியலைத் திருத்துங்கள். பழைய பெயரிலேயே விட்டால், அலாரம் அடிக்கும் நேரத்தில் உதவி வேறொருவரைத் தேடிப் போகும்.