ஒரே கல்யாணத்தை முழுசாகக் காட்டுங்கள் தம்பி

தங்கச்சிக்கு வைகாசியில் கல்யாணம். பாளையங்கோட்டையில் மண்டபம், முகூர்த்தம் காலை 4.30 முதல் 6 வரை. போட்டோகிராபர் பார்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. மனசார ஏற்றுக்கொண்டேன்.

இன்ஸ்டாகிராமில் பார்த்தால் எல்லாருமே அருமையாகத்தான் எடுக்கிறார்கள். மணிமுத்தாறு அணைப் பக்கம் சாயங்கால வெயில், காற்றில் பறக்கும் முந்தானை. அதெல்லாம் கல்யாணம் முடிந்து நிதானமாக எடுத்தது. சரியில்லை என்றால் இன்னொரு தடவை நிற்கச் சொல்லலாம். எங்களுக்கு வேண்டியது விடியாத நேரத்தில், ஹோமப் புகைக்கு நடுவே, யாரையும் "ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று சொல்ல முடியாத இடத்தில் எடுக்கிற படம். அதனால் பார்த்த எல்லாரிடமும் ஒன்றையே கேட்டேன்: விடியக்கால முகூர்த்தம் ஒன்றை, முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை காட்டுங்கள்.

பலர் தயங்கினார்கள். ஒரு தம்பி மட்டும், "அந்த வீட்டுல கேட்டுட்டுக் காட்டுறேன் அக்கா" என்று சொல்லி, போன் போட்டு அனுமதி வாங்கிய பிறகுதான் திறந்தார். நாளைக்கு எங்கள் வீட்டுப் படங்களையும் இப்படித்தானே பாதுகாப்பார் என்று அப்போதே பிடித்துப்போனது.

முதலில் தாலி கட்டுகிற இடத்துக்குப் போனேன். கெட்டிமேளம் கொட்டியதும் கூட்டம் மொத்தமும் எழுந்துவிடும், அட்சதை பறக்கும், வீடியோக்காரர் குறுக்கே வருவார். அந்தச் சில நொடிகளில் பெண்ணின் முகமும் மாப்பிள்ளையின் கையும் ஒன்றாகத் தெரிகிறதா, முடிச்சுப் போடக் குனிகிற நாத்தனார் படத்தில் இருக்கிறாரா என்று பார்த்தேன். வேறொருவரின் ஆல்பத்தில் அந்த இடத்தில் முதுகுகள்தான் இருந்தன. இவர் முன்கூட்டியே இடம் பிடித்து நின்றிருப்பது படத்திலேயே தெரிந்தது.

அடுத்தது நிறம். எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். என் தங்கச்சி நல்ல மாநிறம். அவளை வெள்ளையாக்கித் தருகிற ஆல்பம் எனக்கு வேண்டாம். முகத்தை வெளுப்பாக்குகிறவர்கள் கழுத்தையும் கையையும் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். அதனால் மருதாணிக் கையை முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பக்கத்தில் நிற்கிற அப்பாவின் நிறத்தையும் பார்த்தேன். பெற்ற மகளின் நிறத்தைத் திருத்துகிற உரிமையை நாம் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்தத் தம்பியின் படங்களில் கறுத்த பெண் கறுப்பாகவே, அவ்வளவு அழகாக இருந்தாள்.

வேறு சிலர் எடுத்த வரவேற்பு மேடைப் படங்களில் கோடு கோடாகப் பட்டை விழுந்திருந்தது. காரணத்தையும் தம்பிதான் சொன்னார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்கும், கேமராவுக்குள் வெளிச்சத்தை விடுகிற ஷட்டரை ரொம்ப வேகமாக வைத்தால் பட்டை விழும், மேடையில் 1/100 நொடியை ஒட்டியே வைப்பாராம்.

அப்புறம் மேடைக்குக் கீழே என்ன எடுத்திருக்கிறார் என்று தேடினேன். எங்கள் ஆச்சிக்கு மூட்டுவலி, மேடை ஏற மாட்டாள். முன்வரிசை நாற்காலியில்தான் இருப்பாள். மேடையை விட்டு இறங்காத கேமராவில் அவள் வரவே மாட்டாள். இவர் எடுத்த கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர், பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடுகிற பையன், தூங்கிவிழுகிற தாத்தா என்று எல்லாரும் இருந்தார்கள்.

ட்ரோன், எத்தனை பக்க ஆல்பம் என்பதெல்லாம் பேசி முடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது. ஒன்றை மட்டும் அழுத்திக் கேட்டேன்: நான் பார்த்த இந்தப் படங்களை எடுத்தது யார்? வைகாசியில் ஒரே நாளில் இரண்டு மூன்று கல்யாணம் ஒப்புக்கொண்டு, வேறு ஆளை அனுப்புவது நடக்கிற விஷயம்தான். தானே எடுத்ததாகச் சொன்னார். முகூர்த்தத்துக்கு அவரே வருவார், ஒவ்வொரு படமும் இரண்டு மெமரி கார்டிலும் பதிவாக வேண்டும் என்று இரண்டையும் அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.