மண் தண்ணீர் குடிக்கிறதா?

ஓடிவரும் மழைநீரை வாங்கி வடிகட்டும் மழைத் தோட்டத்தில் செடி இரண்டாம்பட்சம்தான். மண் தண்ணீர் குடிக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. சிங்கப்பூர்க் குடியிருப்புப் பேட்டைகளில் இத்தகைய தோட்டங்களைப் பராமரிக்கும் குழுவுக்கு நான் மேற்பார்வையாளர். போகிறவர் வருகிறவரெல்லாம் பூவைப் பார்ப்பார்கள். நாங்கள் குனிந்து, தண்ணீர் நுழையும் வாயைப் பார்ப்போம்.

அமைப்பு எளிது. கார் நிறுத்துமிடத்தை ஒட்டித் தரையைச் சற்றுத் தாழ்த்தி, அடியில் சரளை, அதன்மேல் மணல், அதற்கும் மேலே மணல் கலந்த மண், அதில் செடிகள். தார்ச்சாலையில் ஓடிவரும் நீர் உள்ளே புகுந்து, கொஞ்சம் தேங்கி, மண்ணில் இறங்கி, அடிக்குழாய் வழியாக நிதானமாகக் கால்வாய்க்குப் போகும். இந்தத் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை கடைசியில் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது. அதனால் அழுக்கு இங்கேயே வடிகட்டப்படுவது குடிதண்ணீருக்கும் நல்லது.

வரைபடத்தில் இவ்வளவுதான். நிஜத்தில் தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது! மழைக்கு முந்திய காற்றில் அதன் சிற்றிலைகள் கொட்டி, முதல் ஓட்டத்திலேயே தண்ணீர் நுழையும் வாயில் வந்து அப்பிக்கொள்ளும். வாரி எடுத்தால் ஊறிய அவல் மாதிரி கைக்குள் ஒரு கட்டி. உள்ளங்கை அளவு அடைப்பு போதும், தண்ணீர் தோட்டத்தைத் தொடாமல் சாலையோரமாகவே ஓடிவிடும். செடிகள் பாட்டுக்குப் பச்சைப்பசேலென்று நிற்கும், யாருக்கும் சந்தேகமே வராது.

ஒரு பேட்டையில், பக்கத்தில் சீரமைப்பு வேலை செய்தவர்கள் சிமென்ட் கரைசலைச் சாலையில் கழுவிவிட்டார்கள். அடுத்த மழை அதைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்து, சாம்பல் நிற ஏடாகப் படியவைத்தது. மழை விட்டு மறுநாளும் தண்ணீர் அப்படியே நின்றது. அப்புறம் கேட்க வேண்டுமா, கீழ்த்தளத்து ஆன்ட்டியிடமிருந்து கொசுப் புகார். டெங்கி பயம், நியாயம்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம் அளவுக்கு ஆகும். சில மணி நேரத்தில் வடிந்துவிடும் தோட்டத்தில் அதற்கு வாய்ப்பில்லை. இங்கேதான் வடியவே இல்லையே. மண்வெட்டியால் அந்த ஏட்டைச் சீவினோம். அரை விரல் கனம்கூட இல்லை. அதற்குக் கீழே மண் பொலபொலவென்று இருந்தது. சிவகங்கைப் பக்கத்துத் தம்பி ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. “வரத்துக்கால் தூர்ந்துபோனா கண்மாய் இருந்து என்ன பிரயோஜனம் அண்ணே?” என்றார். அவருக்கு நான் விளக்க எதுவும் இருக்கவில்லை.

சரி, இதை வைத்து வெள்ளத்தையே நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலையை மூழ்கடித்த மாதிரி மழைக்கு மழைத் தோட்டம் எம்மாத்திரம்? அந்தப் பகுதிக்காகத்தான் 38,000 கன மீட்டர் நீர் கொள்ளும் ஸ்டாம்ஃபர்ட் தடுப்புத் தொட்டியை நிலத்தடியில் கட்டி 2018இல் முடித்தார்கள். தோட்டத்தின் பங்கு, எல்லா நீரும் ஒரே நேரத்தில் கால்வாயில் போய் விழாமல் பார்த்துக்கொள்வது. 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டுமானங்கள் மழைநீரின் வேகத்தைத் தம் இடத்திலேயே குறைக்க வேண்டும் என்று 2014 முதல் நாட்டின் நீர் நிர்வாகத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் விதித்திருப்பதும் இந்தக் கணக்கில்தான்.

பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கி.மீ. நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கி.மீ. வளைந்தோடும் காலாங் ஆறாக 2012இல் மாற்றிவிட்டார்கள். பெருமழையில் அங்கே புல்வெளியே ஆற்றுக்குப் பாதை. பேட்டைக்குள் அவ்வளவு இடம் யார் தருவார்கள்?

எனக்கு ஒரே ஆதங்கம், பராமரிப்பு ஒப்பந்தங்கள். புல் வெட்ட, உரம் போட என்று மாதக் கணக்கு எழுதியிருக்கும். வடிகட்ட வைத்த மண்ணில் உரம் எதற்கு என்பது வேறு விஷயம். பெருமழை விட்டதும் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி இருக்காது. புதிதாக ஓர் இடம் கைக்கு வரும்போதெல்லாம் அந்த வரியைச் சேர்க்கச் சொல்கிறேன். சில இடங்களில் சேர்க்கிறார்கள். சில இடங்களில், “அது சரி, இன்னும் கொஞ்சம் பூச்செடி வைக்கலாமா?” என்கிறார்கள்.