உப்பங்கழியில் மைக் பிடிப்பவர்களுக்கு

கானாவில் வோல்டா ஆறு கடலில் கலக்கும் அடா பகுதியில் 1998 பிப்ரவரி முதல் ஒலிக்கிறது ரேடியோ அடா. அந்நாட்டின் முதல் சமுதாய வானொலி. பேச்சு டாங்மே மொழியில். பக்கத்திலேயே சோங்கோர் உப்பங்கழி. கோடையில் தண்ணீர் வற்றியதும் பெண்கள் இறங்கி உப்பு வாருவார்கள். அந்த உப்பு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அங்கே பல்லாண்டுப் பழசு.

இத்தகைய இடத்தில் பேட்டி எடுக்கப் போகிற நிருபருக்கு முதல் எதிரி கடற்காற்று. மைக்கின் பஞ்சு உறை அதற்குப் போதாது, மேலே ரோம உறையும் வேண்டும். அது இல்லையென்றால் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாணுக்குள், சற்றுப் பக்கவாட்டில் மைக்கைப் பிடியுங்கள். மைக்கை அவர் கையில் கொடுக்காதீர்கள். விரல் உரசுவதெல்லாம் பதிவாகும். ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்கட்டும். "காலையில் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டு அளவு வைத்தால் மெதுவாகத்தான் பேசுவார்கள். உப்பு விலை பற்றிக் கேட்டதும் குரல் எகிறும். அப்போது சிதைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் சரியாக மீட்க முடியாது. செல்போன்களை ஃபிளைட் மோடில் போடச் சொல்லுங்கள். கிளம்பும் முன் யாரும் பேசாமல் 30 விநாடி சூழல் ஒலியைப் பதியுங்கள், வெட்டி ஒட்டும்போது கைகொடுக்கும்.

ஊர்க்கூட்டத்தில் கேட்டால் பெரியவர்கள்தான் பதில் சொல்வார்கள். பெண்களைத் தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும். "கஷ்டமா இருக்கா?" என்பதெல்லாம் கேள்வியே இல்லை. மூட்டை என்ன விலைக்குப் போனது, விலையைச் சொன்னது யார், போன ஆண்டு எவ்வளவு என்று கேளுங்கள். பேட்டி கொடுத்தவர் பேசியதை அறிவிப்பாளர் சுருக்கிச் சொல்லும் வழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. முன்னுரை 20 விநாடி போதும், மீதி அவர் குரல். எதிர்த்தரப்பின் பதிலை மட்டும் ஒலிபரப்புக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

அடுத்தது நிருபர்கள் கண்டுகொள்ளாத டிரான்ஸ்மிட்டர். உப்புக் காற்று ஆன்டெனா கேபிளின் கனெக்டரை அரித்து ஈரத்தை உள்ளே விடும். 500 வாட் அனுப்பும்போது ஆன்டெனாவிலிருந்து 20 வாட் திரும்பி வந்தால், அந்தத் திருப்பத்தைக் காட்டும் அளவான எஸ்.டபிள்யூ.ஆர் 1.5, உடனே தொழில்நுட்ப ஊழியரைக் கூப்பிடுங்கள். இன்னும் ஏறினால் கருவி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே சக்தியைக் குறைத்துவிடும். ஸ்டுடியோவில் எல்லாம் தெளிவாகக் கேட்கும். தூரத்துக் கிராமங்களில் இரைச்சல்தான். ஆகவே மிஸ்டு கால் கொடுக்கும் நேயரைத் திரும்ப அழைத்ததும் முதல் கேள்வி: "எந்த ஊர், தெளிவா கேக்குதா?"

2022 ஜனவரியில் ரேடியோ அடாவுக்குள் ஆட்கள் புகுந்து ஊழியர்களைத் தாக்கினார்கள், கருவிகளை உடைத்தார்கள். உப்பு விவகாரத்தை அந்த நிலையம் தொடர்ந்து பேசிவந்தது. கருவி உடைந்தால் அதிலுள்ள பதிவும் போய்விடலாம். ஒரு மணி நேரப் பதிவு, மோனோ வேவ் கோப்பாக (ஒற்றைத் தடம், சுருக்காத ஒலி), சுமார் 320 எம்.பி.தான். அன்றன்றைக்கே ஒரு நகலை நிலையத்துக்கு வெளியே, வேறொருவர் வீட்டில் வையுங்கள். கோப்பின் பெயரில் தேதியும் ஊரும் போதும், பேசியவர் பெயர் வேண்டாம்.