கரி ஒட்டாத விரல்

இன்று காலை புது அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர்க் குண்டானின் அடியைத் தேய்த்துவிட்டு, விரலை என்னிடம் நீட்டினார் அம்மா.

மெல்லிய சாம்பல் கோடு மட்டும். பழைய அடுப்பென்றால் கை முழுக்கக் கரி அப்பியிருக்கும்.

வீட்டில் சிலிண்டர் இருக்கிறது. ஆனால் அந்த 14.2 கிலோவை வெந்நீருக்கும் செலவழித்தால் மாதம் தாங்காது. அதனால்தான் எங்கள் காசிமேட்டு வீட்டின் பின்கட்டுக்கு, விறகு, கொட்டாங்குச்சி, கரி எல்லாம் எரியும் அடுப்பைத் தேடினேன்.

கடையில் விலைக்கு முன்னால் உள்சுவரைத்தான் பார்த்தேன். மேல் விளிம்பை ஒட்டி வரிசையாகச் சிறு துளைகள். விறகிலிருந்து கிளம்பும் வாயு, அந்தத் துளைகள் வழியே வரும் சூடான காற்றில் மறுபடி பற்றிக்கொள்கிறது. இத்தனை வருடம் அம்மா இருமிய புகையெல்லாம் எரியாமல் தப்பியதுதான். விறகு மட்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகு போட்டால் எந்த அடுப்பும் புகையும்.

கரி போடும்போது கதவை மூடவே கூடாது. புகை தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு உயிரை வாங்கிவிடும்.

மணலி ஆலைகளின் புகைபோக்கிகளை நான் ஒருத்தியாக நிறுத்த முடியாது. அம்மாவின் நெஞ்சுக்குப் போகும் இந்த ஒரு புகையையாவது குறைக்க முடிந்ததே!

எதிர்வீட்டு அத்தை ஒரு முறம் கொட்டாங்குச்சியோடு வாசலில் நிற்கிறார். அவருக்கும் பற்றவைத்துக் காட்ட வேண்டும்.