டெக்ஸ்ட்ஏரியாவை எடுத்துவிட்டு எடிட்டர் வைத்தேன்

எங்கள் குழுவுக்குள் பயன்படுத்தும் ஒரு வெப் அப்ளிகேஷனில் குறிப்புகள் எழுத வெறும் டெக்ஸ்ட்ஏரியாதான், அதாவது எந்த வடிவமைப்பும் செய்ய முடியாத எழுத்துப் பெட்டிதான், இருந்தது. தலைப்பு, தடித்த எழுத்து, பட்டியல், லிங்க் எல்லாம் வேண்டும் என்று எழுதுகிறவர்கள் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. ஒரு வாரத்தில் முடியும் என்று சொன்னேன், ஆறு வாரம் ஆனது.

முதலில் லைப்ரரி எதுவும் இல்லாமல், பக்கத்தின் ஒரு பகுதியான டிவ்வுக்கு, அதற்குள்ளேயே எழுதவிடும் கன்டென்ட்எடிட்டபிள் என்ற பண்பைப் போட்டு நான்கு பட்டன் வைத்துப் பார்த்தேன். 2000-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5-உடன் வந்த பழைய வசதி அது. எழுத முடிந்தது, ஆனால் பட்டியலின் நடுவே எண்டர் தட்டினால் என்ன டேக் வர வேண்டும், காலி வரியில் பேக்ஸ்பேஸ் அடித்தால் எது அழிய வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் நானே கோடு எழுத வேண்டியிருந்தது. பட்டன்களுக்கு நம்பியிருந்த, எழுத்தைத் தடிப்பாக்குவது போன்றவற்றைச் செய்யும் பிரவுசர் கட்டளையான எக்ஸெக்கமாண்டையும் இனிப் பயன்படுத்த வேண்டாம் என்கிறார்கள். இரண்டே நாளில் விட்டுவிட்டேன். இதைச் சொந்தமாக எழுத வேண்டாம் என்றுதான் யாருக்கும் சொல்வேன்.

அப்புறம் குவில், ப்ரோஸ்மிரர், லெக்ஸிக்கல் என்ற மூன்று எடிட்டர் லைப்ரரிகளையும் பார்த்தேன். மூன்றும் ஆவணத்தைத் தங்களுக்குள் ஒரு மாடலாக வைத்துக்கொள்கின்றன. திரையில் தெரிவது அதன் தோற்றம் மட்டுமே. ப்ரோஸ்மிரரில் ஸ்கீமா என்று ஒன்று உண்டு. ஆவணத்தில் எவையெல்லாம் இருக்கலாம், எதற்குள் எது வரலாம் என்று அதில் முன்கூட்டியே எழுதிவிடலாம். அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

எங்கள் திரைகளை எழுதப் பயன்படுத்தும் ரியாக்ட் லைப்ரரியுடன் சேர்த்தபோதுதான் உண்மையான சிக்கல் வந்தது. சாதாரண இன்புட் பெட்டிக்குச் செய்வதுபோல, ஒவ்வொரு கீ தட்டலுக்கும் உள்ளடக்கத்தை ரியாக்டின் நினைவான ஸ்டேட்டில் வைத்து அதையே திரும்ப எடிட்டருக்குக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் வரியின் கடைசியில் அடித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. மறுநாள் ஒருவர் தமிழில் அடித்துவிட்டுக் கூப்பிட்டார். ‘கொடு’ என்று அடித்தால் ‘க்ஒடு’ என்று விழுகிறதாம்.

ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவைக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் கே அடித்ததும் ‘க்’ வருகிறது. அடுத்து ஓ அடிக்கும்போது கீபோர்டு அந்தப் புள்ளியை எடுத்துவிட்டு ‘கொ’ ஆக்க வேண்டும். முந்தைய எழுத்து இன்னும் முடியவில்லை என்று அது நினைவில் வைத்திருக்கும். இதைத்தான் கம்போஸிஷன் என்கிறார்கள். நடுவில் நான் உள்ளடக்கத்தை மாற்றி வைத்ததும் அந்த நினைவு அறுந்தது, ‘ஒ’ தனியாக வந்து உட்கார்ந்தது. வரியின் நடுவே போய்த் திருத்தினால் கர்சர் முதலுக்குத் தாவியதற்கும் காரணம் இதுவேதான்.

தீர்வு சின்னது. தொடங்கும்போது ஒரே ஒரு முறை உள்ளடக்கத்தைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அது எடிட்டருக்குச் சொந்தம். கை ஓய்ந்து ஒரு விநாடி கழித்துதான் வெளியே எடுத்துச் சேமிக்கிறேன், கம்போஸிஷன் நடக்கும்போது தொடுவதே இல்லை. எண்டர் தட்டினால் அனுப்பும் கமென்ட் பெட்டியிலும் கம்போஸிஷன் நடக்கிறதா என்ற இந்தச் சோதனை வேண்டும். இல்லாவிட்டால் சொல்லைத் தேர்ந்தெடுக்க எண்டர் தட்டுகிறவரின் பாதி வாக்கியம் போய்விடும்.

எழுத்து எண்ணிக்கையிலும் ஒரு பாடம் கிடைத்தது. ‘வணக்கம்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, புள்ளி, துணைக்குறிகளையும் தனித்தனியே எண்ணும் ஜாவாஸ்கிரிப்டின் லெங்த்துக்கு 7. ‘ஸ்ரீ’ மட்டுமே 4. தமிழில் எழுதுகிறவருக்கு எழுத்து வரம்பு சீக்கிரம் தீர்ந்துவிடுவது அநியாயம் என்று பட்டது. கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரிக்கும் இன்டில் செக்மென்டரை வைத்து எண்ணியதும் ‘வணக்கம்’ ஐந்தானது.

ஒட்டுவது தனிக்கதை. வேறு ஆவணத்திலிருந்து ஒரு பத்தியை ஒட்டினால் ஸ்பானுக்குள் ஸ்பான், ஒவ்வொன்றிலும் ஒரு ஃபான்ட், ஒரு நிறம். ஸ்கீமா இருந்ததால் அதில் இல்லாதவை தானாக உதிர்ந்துவிட்டன. படங்கள் உதிரவில்லை. ஸ்க்ரீன்ஷாட்டை ஒட்டினால் அது பேஸ்64 ஆக, அதாவது படத்தின் தரவே எழுத்துகளாக மாறி, ஆவணத்துக்குள்ளேயே போய், மூலத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இடம் பிடித்தது. ஒரே குறிப்பு பல எம்பி ஆனதைப் பார்த்த பிறகு, ஒட்டும் படத்தைத் தனியாக அப்லோட் செய்து, ஆவணத்தில் முகவரியை மட்டும் வைத்தேன்.

எடிட்டர் சுத்தமாகத்தானே கொடுக்கிறது என்று சர்வரில் சோதிக்காமல் விடக்கூடாது. எடிட்டரைத் தொடாமலே யார் வேண்டுமானாலும் ரிக்வெஸ்ட் அனுப்பலாம். ஒரு இமேஜ் டேக்கில், படம் வராவிட்டால் ஸ்கிரிப்டை ஓட்டும் ஆன்எரர் சேர்த்து நானே அனுப்பிப் பார்த்தேன், குறிப்பைத் திறந்ததும் ஸ்கிரிப்ட் ஓடியது. அன்றைக்கே எந்த டேக்கும் பண்பும் வரலாம் என்ற அனுமதிப் பட்டியலைச் சர்வரில் போட்டேன். காட்டும் இடத்திலும் ஆபத்தானவற்றை நீக்கும் டாம்ப்யூரிஃபை லைப்ரரி வழியாகத்தான் போகிறது.

பழைய குறிப்புகளை மாற்றும் வேலை கடைசி. காலி வரி வந்த இடத்தில் பத்தி பிரித்தேன், ஒற்றை வரி முறிவை அப்படியே வைத்தேன். டேட்டாபேஸில் பழைய குறிப்புகள் இருந்த நெடுவரிசையை உடனே அழிக்கவில்லை. இரண்டு மாதம் யாரும் எதையும் காணோம் என்று சொல்லாததால், போன வாரம்தான் டேபிளிலிருந்து எடுத்தேன்.